நொட்டாங்கைப் பிள்ளைகள்: கைவாகு என்றால் என்ன?

எங்கள் கடற்கரையில் இடது கையைப் பற்றி எல்லோரிடமும் ஒரு கருத்து உண்டு. மீன் கடையில் இடது கையால் காசை நீட்டினால், "சோத்தாங்கையால குடும்மா" என்பார்கள். முதல் போணி அந்தக் கையில் வந்தால் அன்றைக்கு வியாபாரம் ஓடாது என்பது சிலருடைய நம்பிக்கை. அதே ஆட்கள் அடுத்த வீட்டுப் பிள்ளை இடது கையால் எழுதுவதைப் பார்த்து, "நொட்டாங்கைப் பிள்ளை, மூளை அதிகம்" என்று மெச்சுவதும் உண்டு. சின்ன வயதிலேயே அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் மாறிவிடும் என்பார் ஒருவர். இடது கைக்காரர்களுக்கு ஆயுள் குறைவு என்று வாட்ஸாப்பில் வந்ததைக் காட்டுவார் இன்னொருவர்.

இத்தனை பேச்சுக்கும் நடுவில் வளர்வது ஒரு குழந்தை. உலகம் முழுக்க இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைத் திரட்டி 2020-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, இடது கைக்காரர்கள் சுமார் 10.6 சதவீதம் என்று கணக்கிட்டது. ஆண்களிடம் பெண்களைவிடச் சற்று அதிகம். பத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தப் பள்ளியிலும் முப்பது பேர் கொண்ட வகுப்பில் மூன்று பேர் அளவுக்கு இருப்பார்கள். இத்தனை பேரைப் பற்றிய விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நியாயம் செய்வதாகாது. அதனால் அடியிலிருந்தே தொடங்குவோம்.

கைவாகும் கைத்திறமையும்

நுணுக்கமான வேலை ஒன்று வரும்போது யோசிக்காமலே ஒரு கை முன்னால் போகிறது இல்லையா? அந்தச் சாய்வைத்தான் இந்தக் கட்டுரையில் கைவாகு என்று சொல்கிறேன். ஊசியில் நூல் கோக்க, கல் எறிய, தீக்குச்சி உரச எந்தக் கை தானாக எழுகிறதோ அதுதான் அந்த ஆளின் கைவாகு.

இதைத் திறமையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பழக்கினால் எந்தக் கையும் எந்த வேலையையும் ஓரளவு செய்யும். 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்பும்போது காந்தி ஒரு புத்தகம் முழுவதையும் கையால் எழுதி முடித்தார். வலது கை ஓய்ந்துபோனபோது இடது கைக்கு மாறி, சுமார் 40 பக்கங்களை அந்தக் கையால் எழுதினார். அதனால் அவரை இடது கைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. கிரிக்கெட்டிலும் இப்படித்தான். சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடது கையால். மட்டை பிடிப்பது வலது கை ஆட்டக்காரராக. சௌரவ் கங்குலி நேர்மாறு: மற்ற வேலைகளுக்கு வலது கை, மட்டைக்கு இடது கை ஆட்டம். மட்டையை இரண்டு கையும் சேர்ந்துதான் பிடிக்கின்றன. எந்தப் பக்கமாக நிற்கிறார் என்பதை வைத்து ஒருவருடைய கைவாகைச் சொல்லிவிட முடியாது.

ஆய்வாளர்கள் கைவாகை அளக்க 1971-ல் வந்த எடின்பரோ பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். எழுதுவது, வரைவது, எறிவது, கத்தரிக்கோல், பல் துலக்குவது, துடைப்பத்தில் மேலே பிடிக்கும் கை என்று பத்துக் கேள்விகள். பதில்கள் பெரும்பாலும் கலந்துதான் வரும். முழு வலதுக்கும் முழு இடதுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் கரண்டியும் ஒரு கேள்வி. நம் ஊருக்கு அது உதவாது. இங்கே சாப்பிட வலது கை, கழுவ இடது கை என்பது நடக்கப் பழகும் வயதிலேயே பழக்கிவிடும் ஒழுங்கு. பிறவியிலேயே இடது கைவாகு உள்ளவர்களும் வலது கையால்தான் பிசைந்து சாப்பிடுகிறார்கள். "சோறு வலது கையிலதானே சாப்பிடுறான், அப்போ எழுதவும் முடியும்தானே" என்று கேட்கிற பெற்றோர் உண்டு. அந்த வாதம் நிற்காது. உருண்டை பிடித்து வாய்க்குக் கொண்டுபோவது எந்தக் கையும் சுலபமாகக் கற்றுக்கொள்ளும் வேலை. எழுத்து அப்படியில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வளைவுகளை வேகமாக, அளவாக இழுக்க வேண்டும். சாப்பிடும் கையைப் பழக்குவதில் பெரிய கெடுதல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பென்சில் பிடிக்கும் கையைப் பிடுங்குவதுதான் கெடுதல்.

சங்கிலிருந்து ஒரு பாடம்

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பது கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்து ஆட்களுக்குப் பல தலைமுறைத் தொழில். மேலே வருகிற சங்குகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே திசையில் சுருண்டவை. ஊதுவதற்காக அறுத்துத் துளையிடுகிற உச்சி மேலே இருக்கும்படி, வாய்த் திறப்பு நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், திறப்பு நம் வலப்பக்கம் இருக்கும். எப்போதாவது ஒன்றில் மட்டும் இடப்பக்கம் இருக்கும். அதுதான் வலம்புரி. அந்தச் சங்குக்குள் இருந்ததும் அதே இனத்து உயிர்தான். அதே மணலில் மேய்ந்தது, அதே புழுவைத் தின்றது. உடல் சுருண்ட திசை மட்டும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி புரண்டுவிட்டது. அது ஊனமும் இல்லை, அதற்குத் தனிச் சக்தியும் இல்லை. பெரும்பான்மைக்கு எதிர்ப்பக்கம் விழுந்த ஒரு சாய்வு.

இடது கைவாகையும் இப்படிப் பார்க்கத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும். ஒப்பீடு இன்னும் கொஞ்சம் ஆழமாகவும் போகிறது. குளத்து நத்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், சுருளின் திசை கருவின் முதல் சில செல் பிரிவுகளிலேயே முடிவாகிவிடுவது தெரிந்தது. செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய இழைகள் எந்தப் பக்கம் முறுக்கிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது அது. இந்த இழைகளும் குழாய்களும் சேர்ந்த அமைப்புக்குச் செல்சட்டகம் என்று பெயர். மனிதர்களில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களைப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, இடது கைவாகோடு தொடர்புள்ள 41 இடங்களைக் காட்டியது. அவற்றில் பலவும் இதே செல்சட்டகத்தின் நுண்குழாய்களோடு சம்பந்தப்பட்டவை.

ஒப்பீடு எங்கே முடிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளத்து நத்தையில் ஒரே ஒரு மரபணு திசையைத் திருப்பிவிடும். மனிதரில் அப்படி ஒரு 'இடது கை மரபணு' கிடையாது. அந்த 41 இடங்களும் ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் தள்ளுகின்றன. மக்களிடையே உள்ள வேறுபாட்டில் சுமார் கால் பங்கைத்தான் பரம்பரை விளக்குகிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களில்கூட ஒருவர் வலது, மற்றவர் இடது என்று இருக்கும் ஜோடிகள் நிறைய. மீதி, கருப்பையில் மூளை வளரும்போது நேரும் தற்செயலான சிறு மாற்றங்கள். அம்மா, அப்பா இருவரும் வலது கைக்காரர்களாக இருந்தாலும் பத்தில் ஒரு பிள்ளை இடது கையாக வரலாம். இருவரும் இடது கைக்காரர்கள் என்றால் அது நாலில் ஒன்று அளவுக்கு உயரும். அப்போதும் வலது கைப் பிள்ளை பிறக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் "யாரைக் கொண்டு பிறந்துச்சு இது?" என்று மருமகள் வீட்டைக் குடைவதில் பயன் இல்லை.

பிறந்த பிறகு தொற்றிக்கொள்கிற பழக்கமா இது? அல்ட்ராசவுண்டில் பார்த்தவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். கருப்பையில் பதினைந்து வார அளவிலேயே சிசு விரல் சூப்பத் தொடங்குகிறது. எந்தக் கட்டைவிரல் என்பதும் தெரிகிறது. அப்படிக் கவனிக்கப்பட்ட 75 பேரைப் பத்து, பன்னிரண்டு வயதில் திரும்பப் பார்த்தபோது, வலது விரல் சூப்பிய 60 பேரும் வலது கைக்காரர்களாக இருந்தார்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடது கைக்காரர்கள். பள்ளிக்கூடம் போவதற்குப் பல வருடம் முன்பே, தாய் வயிற்றிலேயே சாய்வு விழுந்துவிடுகிறது.

சரி, இதுவரை வந்ததைச் சேர்த்துக்கொள்வோம். கைவாகு என்பது எந்தக் கை தானாக முன்னே போகிறது என்பது. அது பிறப்பதற்கு முன்பே உருவாகும் சாய்வு. அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, தற்செயலுக்கும் பங்கு உண்டு. வளர்ப்பு, பிடிவாதம், சேட்டை எதற்கும் பங்கு இல்லை.

மூளை எப்படிக் கையை ஆட்டுகிறது

பெருமூளை இரண்டு பாதிகளாக இருக்கிறது. ஒவ்வொரு பாதிக்கும் அரைக்கோளம் என்று பெயர். கையை அசைக்கச் சொல்லும் நரம்புகள் அரைக்கோளத்திலிருந்து கீழே இறங்கி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பெரும்பாலும் பக்கம் மாறிக்கொள்கின்றன. அதனால் வலது கையை இடது அரைக்கோளமும், இடது கையை வலது அரைக்கோளமும் நடத்துகின்றன.

இந்த ஒரு உண்மையை வைத்துத்தான் "இடது கைக்காரர்கள் வலது மூளைக்காரர்கள், அதனால் கலைஞர்கள்" என்ற பேச்சு கிளம்பியது. அங்கேதான் தவறு. கையை நடத்தும் பகுதி, அரைக்கோளத்தின் ஒரு சிறு பட்டை. அது பக்கம் மாறுவதால் மற்றதெல்லாம் மாறிவிடுவதில்லை. பேச்சு, மொழி இவற்றின் முக்கிய வேலை வலது கைக்காரர்களில் நூற்றுக்கு 95 பேர் அளவுக்கு இடது அரைக்கோளத்தில் நடக்கிறது. இடது கைக்காரர்களிலும் சுமார் 70 பேருக்கு அதே இடது அரைக்கோளத்தில்தான். மற்றவர்களில் சிலருக்கு வலப்பக்கம், சிலருக்கு இரு பக்கமும் பகிர்ந்து நடக்கிறது. இசை, கணக்கு, கற்பனை எல்லாவற்றுக்கும் இரண்டு பாதிகளும் சேர்ந்துதான் உழைக்கின்றன. இடது கைக்காரர் நல்ல ஓவியராக இருந்தால் அவர் உழைத்து வரைந்து பழகியவர், அவ்வளவுதான்.

அடித்துத் திருத்திய பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது? பள்ளியில் வலது கைக்கு மாற்றப்பட்டுப் பல வருடம் வலது கையாலேயே எழுதிவந்த பெரியவர்களை மூளைப் படமெடுக்கும் கருவியில் எழுதச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். வலது கையால் எழுதும்போதும், இடது கைக்காரர்களிடம் இயங்குவது போல வலது அரைக்கோளத்தின் பகுதிகள் அவர்களிடம் சேர்ந்து இயங்கின. கை மாறியது, சாய்வு மாறவில்லை. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க எதிர்க்காற்றில் தண்டு வலித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆயுள் குறைவு என்ற கதை

இந்தக் கதை காற்றில் வந்ததில்லை. 1991-ல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவில் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் அவர்கள் எந்தக் கைக்காரர்கள் என்று கேட்டு, இறந்த வயதைச் சராசரி எடுத்தார்கள். வலது கைக்காரர்களுக்கு 75, இடது கைக்காரர்களுக்கு 66. ஒன்பது வருட வித்தியாசம். செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டன.

ஓட்டை எங்கே என்று பார்ப்போம். நம் பாட்டி தலைமுறையில் இடது கையால் எழுதுகிறவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? அநேகமாக இருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லோரையும் மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவிலும் அதே கதைதான். அதனால் எண்பது வயதில் இறந்த இடது கைப் பிறவி ஒருவர் 'வலது கைக்காரர்' என்றே பதிவாகிவிட்டார். மாற்றாமல் விடப்பட்டவர்கள் பின்னால் பிறந்த இளையவர்கள். இளையவர்கள் கூட்டத்தில் யார் இறந்தாலும் இளம் வயதில்தான் இறந்திருக்க முடியும், ஏனென்றால் மற்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆக அந்தக் கணக்கு ஆயுளை அளக்கவில்லை. எந்தத் தலைமுறையில் பிரம்பு ஓய்ந்தது என்பதை அளந்தது. இந்தச் செய்தியை இன்றும் பிள்ளைகள் காதுபட வாசிப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பொருள்கள் எந்தக் கைக்குச் செய்யப்பட்டவை

இடது கைக்காரர்கள் தடுமாறுவது போலத் தெரிகிற இடங்களில் பெரும்பாலும் தடுமாற்றம் கருவியில் இருக்கிறது. கத்தரிக்கோலை எடுங்கள். வலது கையால் அழுத்தும்போது கட்டைவிரல் வெளியே தள்ளுகிறது, மற்ற விரல்கள் உள்ளே இழுக்கின்றன. இந்தப் பக்கவாட்டு அழுத்தம் இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது, துணி அறுபடுகிறது. அதே கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால், அதே விரல் அசைவு தகடுகளை விலக்கிவிடும். துணி நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். வெட்டும் கோட்டையும் மேல்தகடு மறைக்கும். கத்தரிக்கோலைப் புரட்டிப் பிடித்தாலும் அது வலது கைக் கத்தரிக்கோல்தான், ஏனென்றால் தகடுகள் சேரும் முறை மாறுவதில்லை. தகடுகளையே எதிர்ப்பக்கமாகச் சேர்த்துச் செய்த கத்தரிக்கோல்தான் தீர்வு.

படகில் கயிறும் இப்படித்தான். பெரும்பாலான மூன்று புரிக் கயிறுகள் ஒரே பக்கம் முறுக்கப்பட்டவை. அவற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் வளையமாகச் சுருட்டினால் அடங்கிக் கிடக்கும். வலது கைக்காரர் இயல்பாக அப்படித்தான் சுருட்டுவார். இடது கைக்காரரின் கை எதிர்த்திசையில் போகும், கயிறு முண்டி முறுக்கிக்கொள்ளும். கையில் குறை இல்லை என்று தெரிந்தால் திசையை மட்டும் கவனித்துச் சுருட்டக் கற்றுக்கொள்ளலாம்; தெரியாவிட்டால் "இவனுக்குக் கயிறுகூடப் பிடிக்கத் தெரியல" என்ற பேர்தான் மிஞ்சும். திருகாணியும் வலது முழங்கையின் பலமான திருப்பலுக்கு ஏற்ற திசையில்தான் இறுகுகிறது.

எல்லாக் கருவியும் இப்படி ஒருதலையாக இருப்பதில்லை. மீன் அரிகிற அரிவாள்மனையைப் பாருங்கள். அலகு நிலையாக நிற்கிறது, மீனை இரண்டு கைகளும் சேர்ந்து பிடித்துத் தள்ளுகின்றன. எந்தக் கை முன்னால் என்பது அவரவர் வசதி. நம் வீட்டுப் பெண்கள் பல தலைமுறையாக எந்தச் சண்டையும் இல்லாமல் பகிர்ந்துகொண்ட கருவி அது.

எழுதுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ் இடமிருந்து வலம் போகிறது. வலது கை பேனாவை இழுத்துக்கொண்டு போகும், எழுதியது கண்ணுக்குத் தெரியும். இடது கை பேனாவைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மை பேனாவின் நிப் தாளில் குத்தும். கை, எழுதிய வரியின் மேலேயே ஊர்ந்து மையை ஈஷிவிடும். அதைத் தவிர்க்கப் பிள்ளைகள் மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைத்து எழுதுவார்கள், கொஞ்ச நேரத்தில் கை வலிக்கும். இதற்கு ஒரு பதில் கீழக்கரையிலேயே இருக்கிறது. அரபும், 19-ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் நூல்கள் எழுதிய அரபுத்தமிழும் (அரபு எழுத்தில் எழுதும் தமிழ்) வலமிருந்து இடம் போகிறவை. அதை வலது கையால் எழுதுகிறவருக்கு, தமிழில் இடது கைப் பிள்ளைக்கு வருகிற அதே இடைஞ்சல் வரவேண்டும். எழுதிய வரி கைக்கு அடியில்தான் கிடக்கிறது. ஆனாலும் அழகாக எழுதுகிறார்கள். கையை வரிக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சிறு வயதிலேயே பழக்குகிறார்கள். முறையைச் சொல்லிக்கொடுத்தால் திசை ஒரு தடையே இல்லை.

வாத்தியங்கள்: எதைத் திருப்பலாம், எதைத் திருப்ப முடியாது

"தம்பி இடது கை, தவில் கத்துக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக முடியும். தவிலில் வலந்தலை என்கிற வலப்பக்கத் தோலை விரல்களில் கூடு மாட்டிய கை வாசிக்கும், தொப்பி என்கிற இடப்பக்கத் தோலைக் கழி பிடித்த கை அடிக்கும். இடது கைக்காரர் வாத்தியத்தைத் திருப்பிப் போட்டு, கூட்டை இடது விரல்களில் மாட்டிக்கொண்டால் முடிந்தது. பறையில் தடித்த அடிக்குச்சியையும் மெல்லிய சுண்டுக்குச்சியையும் கை மாற்றிக்கொண்டு, தோளில் எதிர்ப்பக்கம் மாட்ட வேண்டும். பக்கீர்கள் கையில் பிடித்துத் தட்டும் தப்ஸ் வட்டமான சட்டம், அதற்குப் பக்கமே கிடையாது. நாகசுரத்திலும் புல்லாங்குழலிலும் துளைகள் ஒரே கோட்டில் இருப்பதால் மேல்கை, கீழ்கையை மாற்றிக்கொள்ளலாம். ஹரிபிரசாத் சௌராசியா பெயர் பெற்ற பிறகு அன்னபூர்ணா தேவியிடம் சிட்சைக்குப் போனபோது, அடியிலிருந்து புதிதாகக் கற்க வேண்டும் என்ற உறுதியோடு புல்லாங்குழலை எதிர்ப்பக்கம் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். அதன் பிறகு அப்படியே வாசித்துவந்தவர் அவர்.

மிருதங்கத்தையும் இப்படித் திருப்பிப் போடலாம். ஆனால் அங்கே வேறொரு சிக்கல் வரும், அது வாத்தியத்தில் இல்லை, மேடையில் இருக்கிறது. கச்சேரியில் பாடகருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின் என்பது வழக்கம். மிருதங்கக்காரர் வலப்புறம் உட்கார்ந்து உள்பக்கம் பார்த்தால், அவருடைய வலது கை சபையின் பக்கம் வரும். வலந்தலையின் நாதம் நேரே கேட்பவர்களிடம் போகும். இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை மேடைச் சுவரைப் பார்க்கும். அவர் எதிர்ப்புறம் உட்கார்ந்தால்தான் சரி. அப்போது வயலின்காரர் இடம் மாற வேண்டும். பழகிய இடத்தை விட்டுக்கொடுக்க எல்லோருக்கும் மனசு வராது.

பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கையால் வாசித்தவர். கர்நாடக இசையில் மிருதங்கத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. அவர் மேலே வருவதற்குச் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பாடகர்களின் ஆதரவு பெரிதாக உதவியது. திருச்சி சங்கரன் போன்ற சீடர்கள் அவருடைய வாசிப்பை அடுத்த தலைமுறைக்கு எடுத்துப்போனார்கள். ஒரு நாற்காலியை, ஒரு ஜமக்காள விரிப்பை நகர்த்தத் தயாராக இருந்தவர்கள் இருந்ததால்தான் அந்தக் கை நமக்குக் கிடைத்தது. நகர்த்த மறுத்ததால் கிடைக்காமலே போன கைகள் எத்தனையோ.

தந்தி வாத்தியங்கள் வேறு வகை. வயலினைத் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டினால் மட்டும் போதாது. உள்ளே கனத்த தந்திக்கு அடியில் ஒரு நீளக் கட்டை ஒட்டியிருக்கும், மெல்லிய தந்திப் பக்கம் ஒரு சிறு தூண் நிற்கும். அந்த இரண்டையும் இடம் மாற்ற வேண்டும், அதாவது வாத்தியத்தைப் பிரிக்க வேண்டும். சார்லி சாப்ளின் இடது கையால் வயலின் வாசித்தவர். உள்ளே இருப்பதையும் மாற்றி அமைத்த வயலின்தான் அவருடையது. வீணையும் அப்படித்தான், பக்கத் தந்திகளோடு சேர்த்துப் புதிதாகவே செய்ய வேண்டும்.

கிட்டாரில் வழிகள் அதிகம். தங்கச்சிமடம், மூக்கையூர்ப் பக்கத்துத் தேவாலயப் பாடல் குழுக்களில் சேர ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலது கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்துத் தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். எலிசபெத் காட்டன் தந்திகளைக்கூட மாற்றவில்லை. அப்படியே தலைகீழாகப் பிடித்து, கனத்த தந்திகளை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் வாசித்தார். பால் மெக்கார்ட்னி இடது கைக்காரராகவே வாசிக்கிறார். மார்க் நாப்ஃளர் இடது கைக்காரர், ஆனால் எல்லோரையும் போல வலது கை முறையில் வாசிக்கிறார். தந்தி மாற்றிக் கட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கழுத்தின் மேல்முனையில் தந்தி உட்காரும் பள்ளங்கள் ஒவ்வொரு தந்தியின் பருமனுக்கும் ஏற்ப அறுக்கப்பட்டவை. அந்தத் துண்டையும் மாற்றாவிட்டால் தந்தி ஆடும்.

"இடது கைதானே கழுத்தில் கஷ்டமான வேலை செய்கிறது, அப்போது இடது கைக்காரருக்கு வசதிதானே?" என்று கேட்கலாம். தோன்றுவது இயல்புதான். ஆனால் சுரம் எந்த நொடியில், எவ்வளவு அழுத்தமாகப் பிறக்கிறது என்பதை மீட்டுகிற கையும் வில் பிடிக்கிற கையும்தான் முடிவு செய்கின்றன. தாளம் அந்தக் கையில்தான் இருக்கிறது. கைவாகு உள்ள கை அந்த வேலைக்குத்தான் தானாக எழுகிறது. கிட்டாரைக் கையில் கொடுக்காமல், வாசிப்பது போல நடித்துக் காட்டச் சொன்னால் பிள்ளை எந்தக் கையால் மீட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால்: தோல் வாத்தியங்களில் யோசிக்காமல் திருப்பிப் போடுங்கள். கிட்டாரில் இரண்டு பக்கமும் சில வாரம் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். வயலின், வீணையில் வழக்கமான முறையிலேயே தொடங்கலாம், ஏனென்றால் அங்கே இரண்டு கைகளும் புதிதாகத்தான் கற்கின்றன, மாற்று வாத்தியமும் சுலபத்தில் கிடைக்காது. ஹார்மோனியம், கீபோர்டு இரண்டிலும் கட்டைகளின் வரிசை மாறாது. எல்லோருக்கும் ஒரே பாதைதான்.

வகுப்பறையிலும் வீட்டிலும்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வயதில் கைவாகு தெளிவாகத் தெரியத் தொடங்கும். அதற்கு முன் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். பொம்மை, பென்சில், பந்து எதையும் நடுவில் வைத்துக் கொடுங்கள். எந்தக் கை எடுக்கிறது என்று பாருங்கள்.

எழுதும்போது தாளை வலப்பக்கமாகச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், அதாவது தாளின் மேல்முனை வலது பக்கம் திரும்பியிருக்கட்டும். கை வரிக்குக் கீழே இருக்க வேண்டும். பேனாவை முனையிலிருந்து சற்று மேலே தள்ளிப் பிடித்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியும், கொக்கி மாதிரி மணிக்கட்டை வளைக்க வேண்டியிருக்காது. பெஞ்சில் இடது ஓரம் கொடுத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

வலை முடிச்சு, ஓலை முடைவது, செருப்பு வார் கட்டுவது போன்ற வேலைகளைச் சொல்லிக்கொடுக்கும் வலது கைக்காரர், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார வேண்டும். அப்போது அவருடைய வலது கை செய்வதைப் பிள்ளையின் இடது கை அப்படியே பார்த்துச் செய்யலாம். பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் ஒவ்வொரு அசைவையும் அது தலைக்குள் ஒருமுறை திருப்பிப்போட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும்.